கேட்காமல் கொடுத்த மாத்திரை



மதரஸாவில் ஆண்டுதோறும் நான் நடத்தும் பாடங்களுள் தயம்மும் பற்றிய பாடமும் ஒன்று. அதில் அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்வைத் தவறாமல் சொல்வேன். பயணம் ஒன்றில் ஒருவருக்குக் கல்பட்டுத் தலையில் காயம் ஏற்பட்டது. அதன்பின் அவர்மீது குளிப்பு கடமையானது. தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் கிடைக்கும்போது சலுகை இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள் அவர்களைக் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாததைக் கேட்டறிந்திருக்க வேண்டும் என்பதே அக்கண்டிப்பின் சாரம்.

இந்தப் பாடத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அது எனக்கும் உரிய பாடம் என்பதை ஈராண்டுகளுக்கு முன்புதான் உணர்ந்தேன்.

ஷஅபான் மாதத் தேர்வுக் காலம். ஹிஃப்ழு வகுப்பில் பயிலும் பதின்மூன்று வயது மாணவன் ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு. தேர்வைத் தவறவிட்டுவிடுவானோ என்பதே என் கவலை. அலுவலறை அலமாரியில் மாத்திரைகள் நிறைந்த ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. யாரோ வாங்கி, யாரோ மீதம் வைத்தவை. அதிலிருந்து சல்ஃபா வகை மாத்திரை அட்டையொன்றை எடுத்தேன். முந்தைய ஆண்டு எனக்கு அது குணமளித்திருந்தது. காலையொன்று, இரவொன்று என்று கொடுத்தேன். "முன்பு இதைச் சாப்பிட்டிருக்கிறாயா?" என்று கேட்கவில்லை. அவனுடைய உம்மாவுக்கும் போன் செய்யவில்லை.

மறுநாள் காய்ச்சல் கண்டது. கண்கள் சிவந்தன, மெட்ராஸ் ஐ என்று எண்ணித் தனியே படுக்க வைத்தேன். உதட்டில் புண் வந்தது. வயிற்றுச் சூடு என்று எண்ணி மோர் கொடுக்கச் சொன்னேன். மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் மார்பிலும் முதுகிலும் கருஞ்சிவப்புத் திட்டுகள் எழுந்தன. அம்மை போட்டிருக்கிறது என்றார் சமையற்காரர். நானும் நம்பினேன். அன்றிரவு அவன், "ஹஜ்ரத், சட்டை பட்டாலே எரிகிறது" என்றான். சட்டையைக் கழற்றியபோது தோளில் ஈரக் காகிதம்போலத் தோல் உரிந்து வந்தது.

மாவட்டத் தலைநகரின் மருத்துவமனைக்கு விரைந்தோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை கொடுத்தீர்கள்?" என்பது. என் பையிலிருந்த அட்டைத் துண்டை நீட்டினேன். மருந்தின் பெயர் இருந்த பகுதி என்றோ கிழிக்கப்பட்டிருந்தது. மதரஸாவுக்குப் போன் செய்து, டப்பாவிலிருந்த மற்ற துண்டைத் தேடிப் பெயரைப் படிக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

நோயின் பெயர் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி. 1922-இல் நியூயார்க்கில் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்னும் இரு மருத்துவர்கள், காய்ச்சல், வாய்ப்புண், கண் அழற்சி, உடலெங்கும் திட்டுகள் ஆகியவற்றோடு வந்த இரு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். 1956-இல் லயல் என்னும் மருத்துவர், கொதிநீர் பட்டாற்போல மேல்தோல் கழன்றுபோகும் இதன் கொடிய வடிவத்தை விவரித்தார். பெரியவர்களுக்கு வரும்போது பெரும்பாலும் ஏதேனும் ஒரு மருந்தே காரணம். சிறுவர்களுக்குச் சில வேளை கிருமித்தொற்றும் காரணமாகலாம்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நம் உடலைக் காக்கும் வெள்ளணுக்களில் ஒருவகை, கிருமி தொற்றிய செல்களைக் கொல்வதற்கென்றே உள்ளது. சிலரது உடலில் குறிப்பிட்ட மருந்து சேரும்போது, அவ்வணுக்கள் சொந்தத் தோலின் செல்களையே பகையென்று கருதித் தாக்குகின்றன. மேல்தோல் இறந்து, கீழ்த்தோலை விட்டுப் பிரிகிறது. வாய், கண் ஆகியவற்றின் மென்சவ்வுகளும் புண்ணாகின்றன. நோயாளியின் ஓர் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவரது உடற்பரப்பில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் இவனுக்கு எட்டு உள்ளங்கை அளவு உரிந்திருந்தது. பத்துக்குள் இருந்தால் இந்நோய். முப்பதைத் தாண்டினால் லயல் சொன்ன கொடிய வடிவம். அதில் மூன்று பேருக்கு ஒருவர் என்ற அளவில்கூட உயிரிழப்பு நேர்வதுண்டு. "காரணமான மருந்தை எவ்வளவு விரைவில் நிறுத்துகிறோமோ அவ்வளவு நல்லது" என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் காய்ச்சல் கண்ட பிறகும் நான் கொடுத்த மாத்திரைகளை என் மனம் எண்ணிக்கொண்டிருந்தது.

அவனுடைய உம்மா விடியற்காலையில் வந்து சேர்ந்தார். பழைய மருந்துச் சீட்டுகளை ரேஷன் அட்டை உறைக்குள் வைத்திருந்தார். அதிலொன்றைப் பார்த்த மருத்துவர் நிமிர்ந்தார். ஓராண்டுக்கு முன் இதே மருந்தை அவன் உட்கொண்டிருக்கிறான். "அப்போதும் வாயெல்லாம் புண்ணாகி, உடம்பில் தடிப்பு வந்தது ஹஜ்ரத். சூடு என்றார்கள். நானும் விட்டுவிட்டேன்" என்றார் அந்தத் தாய். நான் ஒரு போன் செய்து கேட்டிருந்தால் இதை அன்றே சொல்லியிருப்பார்.

பத்தொன்பது நாட்கள் மருத்துவமனையில் இருந்தான். தீக்காயத்தைப்போலப் புண்களைப் பேணினார்கள். கண் மருத்துவர் அன்றாடம் வந்து பார்த்தார். ஒருநாள் அவன் என்னிடம், "உளூ செய்ய முடியவில்லை ஹஜ்ரத், தொழுகை கூடுமா?" என்று கேட்டான். தண்ணீர் தீங்கு தரும்போது மார்க்கம் தரும் சலுகையை எடுத்துச் சொன்னேன். சொல்லும்போதே தலையில் காயம்பட்ட அந்த மனிதர் நினைவுக்கு வந்தார். அவருடன் சென்றவர்களும் அவருக்குக் கேடு நினைத்தவர்கள் அல்லர். எனக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை.

பிறகு இதுபற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமாசெபின் என்னும் மருந்தால் இந்நோய் கண்ட 44 பேரைத் தைவான் ஆய்வாளர்கள் பரிசோதித்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். 44 பேரிடமும் ஒரே மரபணு வகை இருந்தது. 2007-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், ஆசிய வம்சாவளியினருக்கு அம்மருந்தைத் தொடங்குமுன் அந்த மரபணுவைச் சோதிக்குமாறு அறிவுறுத்தியது. பின்னர் தைவானில் 4,877 பேரிடம் இந்தச் சோதனை செய்யப்பட்டது. மரபணு உள்ளவர்களுக்கு அம்மருந்து தவிர்க்கப்பட்டது. எவருக்கும் இந்நோய் வரவில்லை. சல்ஃபாவுக்கு இத்தகைய வழக்கமான இரத்தப் பரிசோதனை இல்லை. அங்கே நம் கையிலுள்ள பரிசோதனை ஒரு கேள்விதான்: முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?

இதனால் மருந்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். இந்நோய் ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரில் ஒரு சிலருக்கே வருகிறது. சல்ஃபா, வலிப்பு மருந்துகள், யூரிக் அமிலத்துக்கான அல்லோபுரினால் ஆகியவை எண்ணற்றோருக்குப் பயன்தருபவை. மருத்துவர் தந்ததை நாமாக நிறுத்திவிடவும் கூடாது. ஆனால் புதிய மருந்து தொடங்கிய சில வாரங்களுக்குள் காய்ச்சலுடன் வாய்ப்புண், கண் சிவப்பு, வலியுடன் கூடிய தோல் திட்டு, கொப்புளம் ஆகியவை கண்டால், அன்றே மருந்துச் சீட்டுடனும் அட்டையுடனும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இத்தகைய பாதிப்புகளைத் தெரிவிப்பதற்கென்றே 2010 முதல் மத்திய அரசின் மருந்து விழிப்புத் திட்டம் இயங்குகிறது. அதன் இலவசத் தொலைபேசி எண் 1800-180-3024; பொதுமக்களும் அழைக்கலாம்.

எங்கள் அலுவலறையில் இப்போது அந்த பிஸ்கட் டப்பா இல்லை. சேர்க்கைப் படிவத்தில் பிள்ளைக்கு ஒவ்வாத மருந்துகளைக் கேட்டு ஒரு வரி சேர்த்திருக்கிறோம். பல பெற்றோர் அதை நிரப்பாமலே தருகிறார்கள். நான் போன் செய்து கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

அந்த மாணவன், அல்ஹம்து லில்லாஹ், இப்போது இருபத்திரண்டாம் ஜுஸ்வில் இருக்கிறான். முதுகில் நிறம் மாறிய தழும்புகள் உண்டு. கண்ணீர் சரிவரச் சுரப்பதில்லை. சிறிது நேரம் ஓதியதும் கண் எரிகிறது. முஸ்ஹஃபை மூடிவிட்டுச் சொட்டு மருந்து விட்டுக்கொள்வான். நான் வகுப்பை நிறுத்திக் காத்திருப்பேன்.

அவனுடைய உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை ஹஜ்ரத். அல்லாஹ் நம்மிருவரையும் மன்னிக்கட்டும்" என்றார். அந்த துஆவுக்கு நீங்களும் ஆமீன் சொல்லுங்கள். இன்றிரவே உங்கள் பிள்ளைகளுக்கு ஒவ்வாத மருந்துகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, அவர்களை ஒப்படைத்திருக்கும் இடங்களில் கொடுத்து வையுங்கள்.

வஸ்ஸலாம்.