சிலுவைக் காசு

பழைய நாணயங்களைச் சேர்ப்பது குருமட நாட்களிலிருந்தே எனக்குள்ள பலவீனம். சோழர் செப்புக் காசும் தரங்கம்பாடி டேனியரின் ஈயக் காசும் என் பெட்டியில் உண்டு.

சில ஆண்டுகளுக்குமுன், தரங்கம்பாடிக்கு அண்மையிலுள்ள பங்கில் பணியாற்றினேன். மீனவ விதவை ஒருவர் கறுத்த உலோகத் துண்டொன்றைக் கொணர்ந்தார். "புயலுக்கப்புறம் எங்க ஊட்டுக்காரரு கரையில எடுத்தது சாமி. சிலுவை இருக்குதேன்னு மாடத்துல வச்சிருந்தோம். பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துல பணம் கட்டணும்" என்றார். 300 ரூபாய் கொடுத்தேன்.

இரவில் பூதக்கண்ணாடியில் நோக்கினேன். வெள்ளிக் கட்டியை வெட்டிச் சம்மட்டியால் அடித்த துண்டு. சிலுவையைச் சூழ்ந்து கோட்டையும் சிங்கமும். எட்டு ரியால் என்னும் ஸ்பானியக் காசு! சுமார் 27 கிராம் இருக்கவேண்டியது, கும்பகோணத்துப் பத்தரின் தராசில் 19 கிராமே நின்றது. மீதியை உப்புநீர் தின்றிருந்தது. இன்றைய பொலிவியாவின் பொத்தோசி மலையில் 1545இல் வெள்ளி கண்டறியப்பட்டது. அந்நாட்டுப் பழங்குடியினரைக் கட்டாயப்படுத்திச் சுரங்கத்தில் இறக்கினார்கள். அத்தகைய வெள்ளியைக் கொண்டுதான் ஐரோப்பியர் நம் கரையில் துணி வாங்கினர். அவர்களுடைய சரக்கு நம்மவருக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

எக்கப்பலோடு மூழ்கிய காசோ! 1618இல் புறப்பட்ட 'ஓரெசுந்த்' என்னும் டேனியக் கப்பலைக் காரைக்காலருகே போர்த்துக்கீசியர் தாக்கி மூழ்கடித்தனர். மாலுமிகள் இருவரின் தலைகளைக் கரையில் கழியில் செருகினராம். செய்தவர்கள் நம் திருச்சபையினர். எழுதக் கை கூசுகிறது. தப்பிய ரோலண்ட் கிராப்பேயும் 13 பேரும் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் கொண்டுசெல்லப்பட்டனர். 1620 நவம்பரில் தரங்கம்பாடி ஒப்பந்தம் ஏற்பட்டது.

பின்னர் ஏல விலைப்பட்டியலொன்று கைக்கு வந்தது. நான் கொடுத்ததைப்போல் ஐம்பது மடங்கு! பட்டியலை மேசையறையில் வைத்துப் பூட்டினேன். இரண்டு வாரம் பூட்டியே இருந்தது. பலிபீடத்தில் அப்பத்தை உயர்த்தும்போதுகூட அந்தத் தொகை நினைவுக்கு வந்தது என்றால் நம்புவீர்களா? 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை ஆட்சியருக்கு அறிவிக்கவேண்டும் என்னும் 1878ஆம் ஆண்டுச் சட்டமும் அப்போதுதான் உறைத்தது.

அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து யாவற்றையும் சொன்னேன். விலையைக் கேட்டு அவர் வியக்கவில்லை.

"அப்ப அது செத்தவங்க காசா சாமி? சர்க்காருகிட்டயே குடுத்துருங்க. அவங்களுக்கு ஒரு பூசை வையுங்க" என்று சொல்லி, முந்தானை முடிச்சை அவிழ்த்து 50 ரூபாய் நீட்டினார். மறுத்தேன், முகம் வாடினார். பெற்றுக்கொண்டேன்.

நவம்பர் 2இல், பெயர் தெரியாத அந்த மாலுமிகளுக்காகவும் அவர்களைக் கொன்றவர்களுக்காகவும் பொத்தோசிச் சுரங்கத்தில் மடிந்தோருக்காகவும் திருப்பலி நிறைவேற்றினேன். அவர் முதல் வரிசையில் மகளோடு அமர்ந்திருந்தார்.