யு போல்ட்டை மறுபடி முடுக்கணும்

சென்ற ஆண்டு கோடையில் நானும் மனைவியும் அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். கொலராடோ மாநிலம், டென்வருக்குப் பக்கம். போன இரண்டாம் நாளே மகன் என்னைக் கராஜுக்கு அழைத்துப் போனான். அங்கே 1989 மாடல் டொயோட்டா பிக்கப் ஒன்று நின்றது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன், கையெல்லாம் கிரீஸ். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். போக்குவரத்துக் கழக ஒர்க்‌ஷாப்பில் 34 வருடம் இருந்தவன் நான். 'நீயாவது கை அழுக்காகாத வேலைக்குப் போ' என்று சொல்லித்தான் அவனைப் படிக்க வைத்தேன்.

அந்த வண்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1985 வரை அங்கே வந்த டொயோட்டா ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்களில், நம் பஸ், லாரி மாதிரியே முன்பக்கம் ஒரே கட்டை ஆக்சில், பட்டை ஸ்பிரிங். 1986-லிருந்து ஒவ்வொரு முன் சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்குகிற அமைப்பு வந்துவிட்டது. ரோட்டில் அது சொகுசு. ஆனால் பாறையில் ஏற ஆசைப்படுகிறவர்களுக்குப் பழைய கட்டை ஆக்சில்தான் பிடிக்கும். ஒரு சக்கரம் மேலே ஏறினால் மறு சக்கரத்தைத் தரையில் அழுத்தும், பலமும் அதிகம். அதனால் முன்னால் இருப்பதை அறுத்து எடுத்துவிட்டு, பழைய வண்டியின் ஆக்சிலைக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள். மகனும் அவன் நண்பனும் ஏழு மாத சனி, ஞாயிறுகளில் அதைச் செய்து முடித்திருந்தார்கள்.

"பாப்பாவை மஸ்கிட்டோ பாஸ் கூட்டிட்டுப் போகப் போறேம்ப்பா" என்றான். 13,000 அடிக்கு மேலே போகிற கரடுமுரடான மலைப்பாதை அது. மருமகள் என்னிடம் தனியாக வந்து, "மாமா, நீங்க ஒரு தடவை அந்த வண்டியில உக்காந்து பாருங்க. அப்புறம் சொல்லுங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். 45 மைல் வேகம், நம் கணக்கில் 72 கிலோமீட்டர். ஒரு பாலத்தின் இணைப்பில் சக்கரம் தட்டியதும் ஸ்டியரிங் அவன் கையை உதறிக்கொண்டு ஆடியது. வண்டியே நடுங்கியது. ஓரம்கட்டி நிறுத்துகிற வரை அடங்கவில்லை. இதற்கு அந்த ஊரில் 'டெத் வாபிள்' என்றே பெயராம்.

"ஸ்டியரிங் டேம்பர் ஆர்டர் பண்ணியிருக்கேன், சரியாயிடும்" என்றான்.

"அது வலி மாத்திரைடா. நோய் வேற எங்கேயோ இருக்கு. டேம்பர் இல்லாமலே வண்டி நேரா ஓடணும்" என்றேன்.

மறுநாள் ஆரம்பித்தோம். முதலில் முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் பார்த்தோம். ஆட்டம் குறையவில்லை. ஆக டயர் காரணமில்லை. அடுத்து, டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, அச்சு உயரத்தில் டேப் பிடித்து, இரண்டு சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை முன்னும் பின்னும் அளந்தோம். முன்னால் கால் அங்குலம் கூடுதல். குறைவாக அல்லவா இருக்க வேண்டும்! டை ராடைத் திருகி, முன்னால் அரைக்கால் அங்குலம் குறையும்படி வைத்தோம்.

பிறகு கேஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையை விட்டாலும் சக்கரம் நேராகத் திரும்பி வர அந்தச் சாய்வு உதவுகிறது. இந்த வண்டியில் அது ஒரு டிகிரிகூட இல்லை. பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரண்டு டிகிரி இரும்பு ஆப்பு வைத்தோம். "நாலு டிகிரி வைக்கலாமே?" என்றான். வைக்கலாம். ஆனால் ஆக்சில் முழுவதும் சேர்ந்தல்லவா திரும்பும்? டிஃபரன்ஷியல் மூக்கு கீழே இறங்கி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட் இறுகும். ஒன்றைத் திருத்தும்போது இன்னொன்று கெடாத அளவு என்று ஒன்று உண்டு.

கடைசியாக, சக்கரம் திரும்புகிற இடத்தில் உள்ள பேரிங்குகள். டை ராடைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங் கையை இழுத்தால் 3-லிருந்து 6 கிலோ வரை இழுவை காட்ட வேண்டும். ஸ்பிரிங் தராசுக்கு எங்கே போவது? ஊருக்குக் கிளம்பும்போது 23 கிலோ தாண்டுகிறதா என்று பெட்டியைத் தொங்கவிட்டுப் பார்ப்போமே, அந்தத் தராசை மனைவி எடுத்துக் கொடுத்தாள். வலது பக்கம் 4 கிலோ. இடது பக்கம் ஒன்றரைதான். ஒரு மெல்லிய ஷிம்மை எடுத்ததும் அதுவும் நாலுக்கு வந்தது. பேத்தி தராசைப் படித்துச் சொன்னாள்.

புது யு போல்ட் போட்டு முடுக்கி, 50 மைல் ஓட்டினோம். அதே பாலம், அதே வேகம். ஸ்டியரிங் அசையவில்லை. மகன் ஒரு கையை விட்டுக் காட்டினான்.

வீடு திரும்பியதும், "ரெஞ்ச் எடு, யு போல்ட்டை மறுபடி முடுக்கணும்" என்றேன்.

"காலையிலதானேப்பா கரெக்டா டார்க் வச்சு முடுக்கினோம்?"

"எடுடா" என்று அதட்டிவிட்டேன். முதல் நட்டே கால் சுற்றுக்கு மேல் போனது. அவன் என் முகத்தைப் பார்த்தான். அப்போதுதான் அவனிடம் சொன்னேன். 30 வருடத்துக்கு மேலாக அவன் அம்மாவிடம்கூடச் சொல்லாத விஷயம்.

ஒரு பஸ்ஸுக்கு நான் முன் பட்டை மாற்றிக் கொடுத்தேன். புதுப் பட்டை ஓட ஓடப் படியும், யு போல்ட் தளரும், திரும்ப முடுக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். தீபாவளி நேரம், வண்டி பற்றாக்குறை. 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று விட்டேன். ஆறாம் நாள் சென்டர் போல்ட் வெட்டி, ஒரு பக்கம் ஆக்சில் நகர்ந்து, பஸ் வாய்க்காலில் இறங்கியது. உயிர் போகவில்லை. டிரைவருக்குக் கால் முறிந்தது. மோதியதில்தான் போல்ட் வெட்டியது என்று முடிவுகட்டி, வேகமாக ஓட்டியதாக அவருக்கே மெமோ கொடுத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் ஓய்வு பெற்று, இறந்தும் போனார்.

மகன் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு மீதி ஏழு நட்டையும் அவனே முடுக்கினான்.

மறுநாள் மருமகள் முதலில் தான் ஏறி ஒரு சுற்று போய்வந்தாள். அதற்குப் பிறகுதான் பேத்திக்கு அனுமதி.

நாங்கள் ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "500 மைல் ஆச்சுப்பா. எட்டையும் திரும்ப முடுக்கிப் பார்த்தேன். ஒண்ணும் நகரல."