தங்கத்தேர் ஓடிய ஆண்டு

தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் ஆண்டு தவறாமல் ஜூலை 26இல் கொடியேறும், ஆகஸ்ட் 5இல் திருவிழா நிறைவுபெறும். தங்கத்தேர் அப்படி ஆண்டுக்கு ஆண்டு வருவதில்லை. பரதவர் தலைவர் பாண்டியபதி தேர்மாறன் காலத்தில், 1806இல் முதன்முதலாக ஓடிய தேர் அது. பிறகு ஏதாவதொரு பெரிய ஆண்டு வந்தால்தான் வெளியே வரும். கோயிலுக்கு 400 ஆண்டு என்று 1982இல் ஓடியது. அப்புறம் 2000, 2007, 2013. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இத்தனை ஆண்டு என்று கணக்கு கிடையாது.

2013இல் என் மகன் பிறந்தான். பேரனைப் பார்க்க டொராண்டோ வந்த அம்மாவும் அப்பாவும் எங்களோடேயே தங்கிவிட்டார்கள். அந்த ஆண்டுத் தேரைக் கணினித் திரையில்தான் பார்த்தோம். "அடுத்த தேருக்குப் பேரனைத் தூக்கிட்டுப் போயிருவோம்" என்றார் அப்பா. 2023 ஆகஸ்ட் 5 அன்று தேர் ஓடும் என்று செய்தி வந்தபோது அப்பா இல்லை. அம்மாவுக்கு வயது 78. மகனுக்கு 10.

இந்த இரண்டு வயதையும் சேர்த்துப் பார்த்த அன்றைக்கே விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். படியேறத் தெம்புள்ள ஆச்சியும், பார்த்தது மனதில் தங்குகிற வயதுப் பேரனும் சேர்ந்து ஊர் போகக்கூடிய காலம் ஒரு குடும்பத்தில் சில ஆண்டுகள்தான் இருக்கும். 5 வயதில் கூட்டிப் போனால் பிள்ளைக்கு ஒன்றும் நினைவிருக்காது. 17 வயதில் கூப்பிட்டால் அவனுக்குத் தேர்வு இருக்கும், நண்பர்கள் இருப்பார்கள். அதற்குள் அம்மாவின் முழங்கால் என்ன சொல்லுமோ தெரியாது. பணம் சேரட்டும், வீட்டுக்கடன் முடியட்டும், வேலையில் நெருக்கடி குறையட்டும் என்று எங்களைப் போன்றவர்கள் சொல்லிக்கொள்வதெல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் அவை எப்போதும் இருக்கும். ஆச்சியும் பேரனும் ஒரே வண்டியில் உட்காரும் வாய்ப்பு எப்போதும் இருக்காது.

சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினோம். தெருவெல்லாம் அந்நிய ஊர்ப் பேச்சு கலந்த தமிழ். மும்பை, துபாய், சிங்கப்பூர், லண்டன் என்று போனவர்களெல்லாம் வந்திருந்தார்கள். கப்பலில் வேலை பார்க்கிற பையன்கள் விடுப்பைத் தேருக்கென்றே ஒதுக்கிவைத்து வந்ததாகச் சொன்னார்கள். இந்தக் கரையில் பல குடும்பங்களின் ஆண்கள் எப்போதும் ஏதாவதொரு கடலில் இருப்பார்கள். அப்படிப்பட்ட ஊருக்குத் திருவிழா என்பது வழிபாடு மட்டுமல்ல, எல்லோரும் ஒரே நாளில் கரையில் இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தமும்கூட. மணப்பாட்டிலும் இதே வழக்கம்தான். கொழும்பு வணிகத்தில் கட்டிய பெரிய வீடுகள் பல அங்கே பூட்டிக் கிடக்கும்; செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவுக்குத் திறக்கும்.

தேர் நாளன்று அம்மாவைக் கூட்டத்துக்குள் விடவில்லை. தேர் வரும் தெருவில் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் விடியும் முன்பே நாற்காலி போட்டுவிட்டோம். மணிலாவிலிருந்து 1555இல் கப்பலில் வந்ததாகச் சொல்லப்படும் மாதா சுரூபம் தேரில் அசைந்து வந்தபோது அம்மா எழுந்து நின்றாள். பையன் வடத்தைத் தொட்டுவிட்டு வியர்வையோடு ஓடி வந்து, "ஆச்சி, நானும் இழுத்தேன்" என்றான். அவன் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "தாத்தா இழுத்த வடம்ல" என்றாள்.

தேர் முடிந்ததும் ஊர் காலியாகத் தொடங்கியது. எங்கள் பயணம் அதற்குப் பிறகுதான் உண்மையில் தொடங்கியது என்பேன். எந்த வழியில் போவது, எங்கே நிற்பது என்பதை அம்மாவிடமே விட்டுவிட்டோம். வெயில் ஏறுமுன் ஓரிடம், சாயங்காலம் ஓரிடம், நடுப்பகலில் படுக்கை. தாழ்ந்த படியுள்ள வேன். மாத்திரைப் பை என் மடியில். வயதானவர்களோடு போகிறவர்கள் இதை மட்டும் செய்தால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

முதல் சாயங்காலம் திரேஸ்புரம் போகச் சொன்னாள். சங்கு குளிக்கிறவர்களின் படகுகள் கரையில் நின்றன. இப்போது கடலுக்கடியில் மூச்சுவிடக் காற்றுக் குழாய் இருக்கிறது. எடுக்கும் சங்கு வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போகிறது. பையன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா திடீரென்று கேட்டாள்: "ஏல, மூக்கப் பொத்திக்கிட்டு எவ்வளவு நேரம் இருப்ப?" அவன் பொத்தினான். அவள் எண்ணினாள். 40 வரைக்கும் தாக்குப்பிடித்தான். "எங்கப்பா இதவிடக் கூட இருப்பாரு. அதுவும் தண்ணிக்குள்ள, கல்லுல கால வச்சிக்கிட்டு."

என் தாத்தா முத்துக்குளித்தவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அம்மா அன்று சொன்னதெல்லாம் புதிது. சலாபம், அதாவது அரசாங்கம் நடத்தும் முத்துக்குளிப்பு, போட்டால் ஊரே மாறிவிடும் என்றாள். படகுகள் விடியுமுன் கரைக்காற்றில் முத்துச்சிப்பிப் பாருக்குப் போய், பிற்பகலில் கடற்காற்றில் திரும்பும். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளுக்கு, மீதி அரசாங்கத்துக்கு. அரசாங்கப் பங்கைக் கொட்டு என்ற அடைப்பில் குவித்து ஏலம் விடுவார்கள். சிப்பியை அழுகவிட்டுத்தான் முத்தெடுக்க வேண்டும். அந்த நாற்றத்தில் சோறு இறங்காது, ஆனாலும் யாரும் குறைசொல்ல மாட்டார்கள், அது காசு வருகிற நாற்றம். அளவு பிரிக்க ஒன்றைவிட ஒன்று சிறிய துளையுள்ள பித்தளைச் சல்லடைகள் இருந்தன. கடைசிச் சலாபம் 1961இல். அம்மாவுக்கு அப்போது 16 வயது. அதன்பிறகு பாரில் சிப்பி கூடவில்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் இதே தூத்துக்குடியில் வளர்ப்பு முத்து உண்டாக்கிக் காட்டினார்கள். ஆனால் குளியாட்கள் கல்லோடு இறங்கும் சலாபம் திரும்பவில்லை.

"கயிறு யார் கையில இருக்கும் ஆச்சி?" என்று கேட்டான் பையன். படகில் நிற்கிறவன் இழுக்கத் தாமதித்தால் என்ன ஆகும் என்பது அவனுக்கு உடனே புரிந்திருந்தது.

"எங்க தாய்மாமா கையில. குளிக்கிறவன் பொண்டாட்டியோட கூடப்பொறந்தவன்தான் கயிறு பிடிக்கணும். அக்கா தாலி அவன் கையிலல்லா இருக்கு, விட்டுருவானா?"

அதற்கு முன் டொராண்டோவில் 10 ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தோம். இதில் ஒரு வரிகூட அவள் சொன்னதில்லை. மறைத்தாள் என்றில்லை, அங்கே அதை நினைக்க எதுவும் இல்லை. படகும் உப்புக்காற்றும் கேட்க ஒரு சிறுவனும் சேர்ந்த இடத்தில் அது தானாக வந்தது. சலாபத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்று எல்லோருமே முதியவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளோடு அந்தக் கரையில் நிற்க வேண்டும். நூலில் எழுதிவைத்ததைப் பையன் என்றைக்கும் படித்துக்கொள்ளலாம். கொட்டு எங்கே போட்டிருந்தார்கள் என்று அம்மா கடற்கரையில் தேடியலைந்ததை அவன் எந்த நூலிலும் படிக்க முடியாது.

மறுநாள் தெற்கே போனோம். முள்ளக்காட்டு உப்பளங்கள், பழையகாயல், தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயல். 1586இல் தமிழில் 'அடியார் வரலாறு' அச்சானதாகச் சொல்லப்படும் ஊர் அது என்று பையனிடம் சொன்னேன். அவனுக்கு ஆற்றின் வாயில் நின்ற வள்ளங்கள்தான் பிடித்தன. உடன்குடியில் கருப்பட்டி வாங்கினோம். மணப்பாட்டில் மணற்குன்றின் மேல் கோயிலுக்கு அம்மா மெதுவாக, நின்று நின்று ஏறினாள். சவேரியார் தங்கிய குகைக்கு அவளைப் படியிறக்கவில்லை. பையன் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, அங்கே என்ன இருந்தது என்று அவளுக்குச் சொன்னான். பேரனுக்கு இந்த ஊரையும் காட்ட அப்பா ஆசைப்பட்டிருந்தார்.

அதே ஆண்டு டிசம்பர் 17, 18இல் பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஏரல் பாலம் அறுந்தது, புன்னக்காயலைத் தண்ணீர் சூழ்ந்தது. நாங்கள் போன சாலையைச் செய்தியில் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை. மனிதர்களுக்கு மட்டும்தான் வயதாகிறது, ஊர் அப்படியே இருக்கும் என்று தூரத்தில் இருப்பவர்கள் நம்பிவிடுகிறோம். தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குசல்லித் தீவு கடலுக்குள் போய்விட்டது. காரைச்சல்லி கரைந்துகொண்டே வருகிறது.

ஓர் ஆறுதல் என்னவென்றால் அப்பா வாழ்நாளில் ஒரு பயணத்தையாவது, கொழும்புப் பயணத்தை, தள்ளிப்போடவில்லை. 1914இல் பாம்பன் பாலம் வரும்வரை கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வந்துதான் கப்பலேறினார்கள். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்த வழிக்காகத்தான். நெடுங்காலம் நின்றுபோயிருந்த பயணிகள் கப்பல் 2011 ஜூனில் மறுபடி ஓடத் தொடங்கியபோது, கொழும்புக் கொட்டாஞ்சேனையில் வாழ்ந்த பெரியம்மாவைப் பார்க்க அப்பா உடனே அம்மாவுக்கும் தனக்கும் சீட்டு எடுத்தார். இப்போது என்ன அவசரம் என்று கேட்டதற்கு, "கப்பல் நிக்கும்போதே ஏறிறணும்" என்றாராம். அக்காளும் தங்கையும் புனித லூசியா பேராலயத்தில் சேர்ந்து முழந்தாளிட்டார்கள், மாசிச் சம்பல் இடித்தார்கள், பழைய சண்டையைப் பேசித் தீர்த்தார்கள். அந்த நவம்பரிலேயே கப்பல் நின்றுவிட்டது. பெரியம்மாவும் அதிக நாள் இருக்கவில்லை.

இப்போது அம்மாவுக்குப் பெரியம்மாவின் கல்லறையைப் பார்க்க வேண்டும். விமானம் வேண்டாமாம், கப்பலில்தான் போக வேண்டுமாம். தூத்துக்குடியிலிருந்து இல்லை, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள், இடையில் நின்று 2024 ஆகஸ்டில் திரும்பத் தொடங்கியது. அங்கிருந்து ரயிலில் கொழும்பு. வடகிழக்குப் பருவமழையில் அந்தக் கடல் சரிப்படாது என்பதால் மழை முடிந்த மாதங்களைப் பார்க்கிறோம். கப்பலில் ஆச்சிக்குப் பக்கத்து இருக்கை தனக்குத்தான் என்று பையன் இப்போதே சொல்லிவைத்திருக்கிறான். அவன் பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதிவிட்டேன்.