விரிதாளிற் கற்ற சூத்திரம்

சூத்திரம் என்னுஞ் சொல் தமிழாசிரியனுக்குப் புதியதன்று. குறைந்த சொல்லில் நிறைந்த பொருளை அடக்கி நிற்பது சூத்திரம் என்று மாணவப் பருவத்திலே படித்தோம். ஆசிரிய கலாசாலையிலே திரும்பவும் படித்தோம். அன்று தொட்டு வகுப்புகளிற் படிப்பித்தும் வருகின்றோம். அச்சொல்லையே நாற்பது வயதைக் கடந்த பின்னர், கணினியின் முன்னமர்ந்து மறுபடியுங் கற்க நேர்ந்தது. இம்மலரில் எழுதும் அன்பர்கள் பலர் பழைய ஆசிரியர்களையும் மைதானத்து வெற்றிகளையும் நினைவு கூர்வர். யாம் அவ்வழி செல்லாது, இக்கல்லூரியில் யாம் பயின்ற நாளில் எமக்குக் கிடையாத ஒரு பாடத்தைப் பற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

தவணைப் பரீட்சை முடிந்ததும் வகுப்பாசிரியருக்கு வாய்க்கும் வேலையை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அறிவர். எமது வகுப்பிலே முப்பத்தெட்டு மாணவர். ஒவ்வொருவர் புள்ளியையும் தரமாக்க வேண்டும். க.பொ.த. சாதாரண தரத்து வழக்கின்படி 75உம் அதற்கு மேலும் ஏ; 65 முதல் பி; 50 முதல் சி; 35 முதல் எஸ்; அதற்குக் கீழ் டபிள்யூ. பின்பு எத்தனை ஏ, எத்தனை டபிள்யூ என்று எண்ண வேண்டும். யாம் இதனைப் பென்சிலால் நான்கு கோடு கீறி ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து எண்ணி வந்தோம். எம்மிடம் முன்னர் தமிழ் படித்து, இப்பொழுது எம் பாடசாலையிலேயே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கும் தம்பி ஒருவர், விரிதாளின் முன் எம்மை இருத்தினார்.

முதற் பாடம் இஃப் என்னுஞ் சார்பு. அதற்கு மூன்று உறுப்புகள்: ஒரு வினா, வினா மெய்யாயின் எழுத வேண்டியது, பொய்யாயின் எழுத வேண்டியது. செயின் என்னும் வாய்பாட்டு எச்சத்தைக் கற்ற எமக்கு இஃது உறவுக்காரர் வீடு போலிருந்தது. 'பெறின்' என்று தொடங்கி 'இன்றேல்' என்று முடிக்கிறோம், அவ்வளவே. ஒன்றினுள் ஒன்றாக நான்கு இஃப்களை அடுக்கினால் ஐந்து தரமும் வந்துவிடும். அடுக்கும் ஒழுங்குதான் முக்கியம். 75இல் தொடங்கிக் கீழே இறங்க வேண்டும். 35இல் தொடங்கி, '35 அல்லது மேற்பட்டதாயின் எஸ்' என்று முதலிலே சொல்லிவிட்டால், தொண்ணூறு பெற்ற பிள்ளைக்கும் எஸ் விழும். கணினி முதலில் மெய்யான இடத்திலேயே நின்றுவிடும், அப்பால் வாசிப்பதில்லை. சிறப்பு விதியைப் பொது விதிக்கு முன்னர் வைக்கும் ஒழுங்கு என்று இதனை மனத்திற் பதித்துக் கொண்டோம்.

எண்ணுவதற்குக் கவுண்ட் இஃப் உண்டு. இந்த நிரலில் ஏ எத்தனை என்றால் ஒரு கணத்தில் விடை வரும். இதிலே விளக்க வேண்டியது அதிகமில்லை.

விளக்க வேண்டியது உம்மையைப் பற்றித்தான். எமது அதிபர் மாலை வகுப்பொன்று ஒழுங்கு செய்யக் கருதி, “தமிழிலும் கணிதத்திலும் சித்தியடையாதோர் எத்தனை பேர்?” என்று கேட்டிருந்தார். இவ்வாக்கியத்தைத் தமிழிற் படித்தால் யாருக்கும் ஐயமில்லை போலத் தோன்றும். விரிதாளுக்குச் சொல்லப் புகுந்த போதே அதனுள் இரண்டு பொருள் கிடப்பது தெரிந்தது. இரண்டிலுமே தவறியவர் மட்டுமா? இரண்டிலும் சித்தியடைந்தோர் நீங்கலாக ஏனையோர் எல்லாருமா? பரீட்சை எழுதியோர் 35 பேர். தமிழில் தவறியோர் 6, கணிதத்தில் தவறியோர் 11. இரண்டு நிபந்தனையையும் ஒருங்கே சோதிக்கும் கவுண்ட் இஃப்ஸ் முதற் பொருளுக்கு 4 என்று விடை தந்தது. இரண்டாம் பொருளுக்கு 6உம் 11உம் கூட்டி, இருமுறை எண்ணப்பட்ட 4ஐக் கழித்தால் 13. நான்கு பிள்ளைகள் மாலையில் தங்குவதா, பதின்மூன்று பிள்ளைகள் தங்குவதா? ஓர் உம்மையில் ஒன்பது பிள்ளைகளின் மாலைப்பொழுது தொங்கிற்று. அதிபரிடம் திரும்பிச் சென்று கேட்டோம். பதின்மூவரையும் கருதியே வினவினார் என்று தெரிந்தது.

உம்மைக்கு நன்னூலார் எட்டுப் பொருள் கூறினார். விரிதாளின் ஆண்ட் என்பதற்கு ஒரே பொருள்: எல்லாம் மெய்யாதல் வேண்டும். ஓர் என்பதற்கும் ஒரே பொருள்: ஒன்றாயினும் மெய்யாதல் வேண்டும். இவற்றின் முன் நொட் என்னும் மறுப்பு வந்தால், 'இரண்டும் உண்டு' என்பதன் மறுப்பு 'ஒன்றாவது இல்லை' என்று மாறிவிடும். இவ்விதி ஒகஸ்தஸ் டி மோர்கன் என்னும் கணித அறிஞர் பெயரால் வழங்குவது. அவர் 1806ஆம் ஆண்டிலே பிறந்த ஊர் மதுரை! கைக்குழந்தையாக இருக்கும் போதே இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஆகையால் தமிழ் அவருக்கு யாதுந் தந்ததென்று யாம் உரிமை கொண்டாட இயலாது. எனினும் எழுதாமல் விட மனம் வரவில்லை. அவர் தருக்க நூலொன்றை வெளியிட்ட அதே 1847ஆம் ஆண்டிலே ஜோர்ஜ் பூல் என்பாரும் தருக்கத்தைக் கணிதமாக்கித் தம் முதல் நூலை வெளியிட்டார். பூல் தமது 19ஆம் வயதிலே சொந்தமாகப் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கியவர். மெய், பொய் என்னும் இரண்டே விடையோடு கணினி இன்று நடத்தும் சோதனைகளுக்கு அடி கோலியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்பது எமக்கு உவகை தந்தது.

இனி, எம்மை மிகுதியுஞ் சிந்திக்க வைத்த இடத்துக்கு வருவோம். முப்பத்தெட்டுப் பேரில் மூவர் பரீட்சைக்கு வரவில்லை என்று கண்டோம் அல்லவா? அவர்களின் கலத்தில் யாது எழுதுவது? பரீட்சித்துப் பார்க்கவென்று முதலில் அக்கலங்களை வெறுமையாக விட்டோம். சூத்திரம் மூவருக்கும் டபிள்யூ வழங்கிற்று. “சேர், ஒப்பிடேக்கை இதுக்கு வெறுமையும் பூச்சியமும் ஒண்டுதான்,” என்றார் தம்பி. ஆயின் புள்ளி நிரலிலே 35க்குக் குறைந்தவற்றைக் கவுண்ட் இஃப் கொண்டு எண்ணினால் அம்மூவரும் கணக்கில் வரவில்லை. ஒரே தாளில் ஒரு சூத்திரம் அவர்களைத் தவறியோர் என்கிறது. மற்றையது கண்டும் காணாதிருக்கிறது.

அடுத்து, வராதோர் என்பதற்கு 'வ' என்று எழுதிப் பார்த்தோம். நிகழ்ந்ததைக் கண்டு இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். மூவருக்கும் ஏ! எக்செல் ஒப்பிடும் போது எழுத்து எந்த எண்ணையும் விடப் பெரிதாகவே கொள்ளப்படுமாம். எண்ணைவிட எழுத்தே பெரிதென்பது தமிழாசிரியனுக்கு இனிக்கும் செய்திதான். ஆனால் தேர்ச்சி அறிக்கையிலே அதனை இட முடியாது.

அம்மூவரில் ஒருவன் தந்தையோடு கடலுக்குப் போகிறவன். மற்றொருத்தி தாய் நோயுற்றதால் வீட்டிலே தம்பியரைப் பார்க்கிறவள். அவர்களை டபிள்யூ என்று எழுதினால், படித்துந் தேறாதோர் வரிசையிலே சேர்ந்துவிடுவர். வீட்டுக்குச் சென்று விசாரிக்கும் எண்ணம் எவருக்கும் எழாது. வெறுமையாக விட்டால் கணக்கிலிருந்தே மறைந்துவிடுவர். ஆகவே சூத்திரத்தின் தலையிலே, தரங்களுக்கெல்லாம் முன்னதாக, மற்றுமொரு வினாவை வைத்தோம்: இக்கலத்தில் இருப்பது எண்ணா? இஸ் நம்பர் என்னுஞ் சார்பு அதனை அறியும். எண்ணாயின் தரம் பார்க்க. இன்றேல் 'வராதோர்' என்று எழுதுக. தாளின் அடியிலே டபிள்யூ எத்தனை, வராதோர் எத்தனை என்று இரண்டு தனிக் கலங்கள் இட்டோம். ஐந்து தரமும் வராதோரும் கூடி 38 ஆகின்றனவா என்று ஒத்துப் பார்க்க மூன்றாவது கலம் ஒன்றும் உண்டு.

அத்தாளையே அதிபரிடம் கொடுத்தோம். வராதோர் 3 என்று தனித்து நின்ற எண்ணைப் பார்த்து, “யார் இவர்கள்?” என்றார். மறுவாரம் பகுதித் தலைவரும் யாமும் மூன்று வீடுகளுக்கும் சென்று வந்தோம். கடலுக்குப் போகிறவன் அடுத்த தவணை தொடங்கிய கிழமையிலே வந்து, விடுபட்ட தமிழ் வினாத்தாளை எழுதினான். 'வ' என்றிருந்த கலத்திலே 41 என்று இட்டோம். பக்கத்துக் கலம் எஸ் ஆயிற்று. வராதோர் 2 ஆயினர்.