பள்ளத்தாக்கின் விளிம்பில் ஓர் இரவு



வீட்டையே வண்டியாக்கி உடன் இழுத்துச் செல்லும் பயணத்தை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? அமெரிக்காவில் இவ்வழக்கம் மிகுதி. படுக்கை, அடுப்பு, குளியலறை அனைத்தும் கொண்ட அத்தகைய ட்ரெய்லர் வீடொன்றை வாடகைக்கு எடுத்து, 2023 அக்டோபரில் பீனிக்ஸ் நகரில் வாழும் என் காக்காவும் மதினியும் நானும் கிராண்ட் கேன்யனைக் காணப் புறப்பட்டோம்.

கொலராடோ ஆறு அறுத்துச் செதுக்கிய பள்ளத்தாக்கு அது. நீளம் 446 கிலோமீட்டர், ஆழம் சுமார் 1.6 கிலோமீட்டர். அந்திக் கதிர் பட்டுப் பாறை அடுக்குகள் செம்மையும் ஊதாவுமாக மாறிய காட்சியைத் தெற்கு விளிம்பில் நின்று கண்டு வாயடைத்துப் போனோம். எனினும், நான் எழுத விழைவது அதனையடுத்து வந்த இரவைப் பற்றியே.

நாங்கள் தங்கிய மேதர் முகாம் திடலில் மின் இணைப்புக் கிடையாது. இரவில் ஜெனரேட்டர் ஓட்டவும் அனுமதியில்லை. வண்டியில் இருந்ததோ ஒரே பேட்டரி. காக்காவுக்கு உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் உண்டு. முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் கருவியின்றி அவர் உறங்கலாகாது. "பேட்டரிதான் இருக்கிறதே!" என்ற நம்பிக்கையில் பத்து மணிக்குப் படுத்தோம். சுமார் 2,100 மீட்டர் உயரத்தின் குளிர் எலும்பைத் துளைத்தது. மூன்று மணியளவில் கருவி நின்றது, ஹீட்டரும் ஓய்ந்தது. காக்கா திணறி எழுந்தார்.

"நீ படு தம்பி, நான் உட்கார்ந்தே இருக்கிறேன்" என்றார். யாருக்கு உறக்கம் வரும்? போர்வைகளைச் சுற்றிக்கொண்டு சுபுஹு வரை மூவரும் விழித்திருந்தோம்.

விடிந்ததும் தாளும் பேனாவும் எடுத்தோம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் அடங்குவது 1,200 வாட்-மணி. ஈய-அமில வகையாதலால் அதில் பாதியே, அதாவது 600 மட்டுமே, நமக்கு உரியது. ஹீட்டர் எரிவது கேஸில்தான். ஆயினும் அதன் விசிறிக்கு 90 வாட் வேண்டும். இரவில் ஐந்து மணி நேரம் சுழன்றால் 450. காற்றைச் சூடாக்கி ஈரமூட்டும் வசதியோடு கருவிக்கு 60 வாட். எட்டு மணி நேரத்துக்கு 480. ஆக மொத்தம் 930! இக்கணக்கைப் பீனிக்ஸிலேயே போட்டிருக்க வேண்டாமா?

மறுநாள், மின் இணைப்புள்ள ட்ரெய்லர் வில்லேஜ் திடலில் இடம் கிடைத்தது. எங்கள் வண்டியின் 30 ஆம்பியர் இணைப்பில், 120 வோல்ட்டில், 3,600 வாட் வரை எடுக்கலாம். அறை ஹீட்டர் 1,500, கெட்டில் 1,500, மைக்ரோவேவ் 1,200 என மூன்றையும் ஒருசேர இயக்கினால் 4,200 ஆகி பிரேக்கர் விழுந்துவிடும். எனவே, தேநீர் கொதித்த பின்னரே மதினி மைக்ரோவேவைத் தொட்டார். அன்றிரவு காக்கா நிம்மதியாக உறங்கினார்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோரே, இத்தகைய பயணம் வாய்த்தால் புறப்படும் முன்னரே கருவிகளைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றின் வாட்டையும் அது ஓடும் மணி நேரத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். தங்குமிடத்தில் மின் இணைப்பு உண்டா எனக் கேட்டு இடத்தைப் பதிவு செய்யுங்கள். உயிர் காக்கும் கருவியின் பங்கை முதலில் ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதையே மற்றவற்றுக்குப் பகிருங்கள். நம் வீட்டு இன்வெர்ட்டருக்கும் இதே கணக்குத்தான்!