வெள்ளெழுத்தும் இரட்டைக் கண்ணாடியும்

பழவேற்காட்டுப் பள்ளிவாசலின் சூரியக் கடிகாரத்தை வெளியூர் நண்பர் ஒருவருக்குக் காட்டப் போய், கோடு எது, நிழல் எது என்று அறியாமல் நாம் விழித்து நின்றோம். தூரப் பார்வைக்கு இளமை முதலே நமக்குக் கண்ணாடி உண்டு. இப்போது அதை அணிந்தால் எழுத்துக் கலங்கிற்று. கழற்றினால் ஏரி கலங்கிற்று. நாற்பதைத் தாண்டியோருக்கு வரும் வெள்ளெழுத்து நமக்கும் வந்துவிட்டது.

விழியினுள் இருக்கும் வில்லை இளமையில் நெகிழ்வானது. அருகில் உள்ளதைக் காண வேண்டுமாயின் தடித்துக் கொள்ளும். வயது ஏற ஏற அது இறுகிப் போகிறது. நோயன்று, நரை போன்றதே. பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காட்சி உண்டாகிறது என்று பதினோராம் நூற்றாண்டில் ‘கிதாபுல் மனாழிர்’ எழுதி விளக்கிய இப்னு அல்ஹைதமின் பெயரைப் பெருமையுடன் சொல்லும் நாம், நம் வீட்டார் கண்ணைக் கவனித்தோமா என்பது வேறு கதை. அதற்கு வருவோம்.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றி அணிந்து அலுத்து, இரு வகை வில்லைகளையும் பாதியாக வெட்டி ஒரே சட்டத்தில் பொருத்திக் கொண்டதை 1785இல் நண்பருக்கு எழுதினார். மேற்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி படிப்புக்கு. அதன் வழிவந்த ‘பைஃபோகல்’ ஒன்றைச் சென்னையில் வாங்கினோம். விற்றவர் ஒன்றை மட்டும் சொல்ல மறந்தார்: படிக்கும் தொலைவுக்கு அமைந்த கீழ்ப்பாதியில் நம் பாதம் தெளிவாகத் தெரியாது! படகில் ஏறுகையில் பலகை என்று எண்ணிக் கால் வைத்தோம், இருந்தது தண்ணீர். கையைப் பற்றி இழுத்த படகுக்காரர், “கண்ண மட்டும் தாழ்த்தினா ஆகாது பாய், தலையையே குனிஞ்சு பாருங்க, மேல்கண்ணாடியில தெரியும்” என்றார். அவரும் அணிந்திருந்தார். வலையின் கிழிசலைத் தைக்க ஒரு பார்வையும், முகத்துவாரத்து அலையைக் கணிக்க ஒரு பார்வையும் வேண்டியவர் அல்லவா!

ஈரக் கைலியுடன் வீடு வந்து கண்ணாடியைத் திண்ணையில் வைத்தோம். உம்மா அதை எடுத்து விளையாட்டாக அணிந்து தம் விரல்களைப் பார்த்தார். பார்த்துக் கொண்டே இருந்தார். பனங்குருத்தோலையில் பெட்டி முடைந்து நம்மைப் படிக்க வைத்த விரல்கள் அவை. “கை தளர்ந்துபோச்சு” என்று அவர் அத்தொழிலை விட்டு இருபது ஆண்டுகளாயின. நாமும் நம்பினோம்.

“அப்போ போனது கை இல்லையா?” என்றார்.

நமக்குப் பதில் வரவில்லை. இருபது ஆண்டுகளில் எத்தனை முறை சென்னைக்குப் போய் வந்தோம்! நம் கண்ணுக்கு மூன்று முறை சோதனை செய்து கொண்டோம். ஒரு முறையேனும் அவரை அழைத்துச் செல்லத் தோன்றவில்லை.

மறுவாரம் மருத்துவர் சோதித்து, வாசிப்புக் கண்ணாடி ஒன்றே போதும் என்றார். நம்முடையதன் விலையில் கால்பங்கும் ஆகவில்லை. வீடு திரும்பிய அன்று அஸர் தொழுதுவிட்டு, உம்மா டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து பாதி முடைந்த ஓலைப் பெட்டி ஒன்றை எடுத்தார். சாயமேற்றிய ஓலை வெளுத்துக் கிடந்தது. புதிய குருத்தைச் சேர்க்கும் முன், பழைய பகுதியில் கடைசி இரண்டு சுற்றுகளைப் பிரித்தெடுத்தார். அவை கோணலாக இருந்தன.