கிராஸ்மைஸ்தர்

செஸ் பிடிக்கும் என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, 1972-இல் வந்த சோவியத் படமான 'கிராஸ்மைஸ்தர்' பார்த்திருக்கிறீர்களா என்றுதான். பார்த்தவர் யாரும் இதுவரை அகப்படவில்லை. செர்கேய் மிகேலியான் இயக்கம், லென்ஃபிலிம் தயாரிப்பு. ஹ்லெப்னிகோவ் என்ற சிறுவன் செஸ்ஸில் மூழ்கி வளர்ந்து கிராண்ட்மாஸ்டராகும் கதை. வளர்ந்தவனாக அந்திரேய் மியாக்கோவ், அலட்டாத நடிப்பு.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அவனுடைய பயிற்சியாளர். அந்த வேடத்தில் நிஜ கிராண்ட்மாஸ்டர் விக்தர் கொர்ச்னோய்! பலகை முன்னால் உட்கார்ந்தால் நடிப்பு எது, பழக்கம் எது என்று பிரித்தே பார்க்க முடியாது. காயைத் தொடும் விரலில் துளி தயக்கம் இல்லை. (முன்னாள் உலகச் சாம்பியன் மிகயீல் தாலும் தலைகாட்டுகிறார்; கண்ணைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.)

நான்கே வருடத்தில், 1976-இல், அதே கொர்ச்னோய் ஆம்ஸ்டர்டாம் போட்டிக்குப் போனவர் நாடு திரும்பவில்லை. 1978-இல் பிலிப்பைன்ஸின் பாகியோவில் உலகப் பட்டத்துக்காக அப்போதைய சாம்பியன் கார்ப்போவுடன் மோதி, ஒரே ஒரு ஆட்டத்தில் பட்டத்தைக் கோட்டைவிட்டார். கடைசிவரை அது அவர் கைக்கு வரவேயில்லை. இதெல்லாம் தெரிந்துகொண்டு படத்தைப் பார்த்தால், அவர் அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் காட்சிகளில் எனக்குத் தொண்டை அடைத்துவிடுகிறது.

செஸ் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், தேடிப் பிடித்துக் கூடவே உட்கார்ந்து பாருங்கள்.